முதல் தர மகிழ்ச்சிக் குடும்பம்

சுதாகரன் தகரம் கேட்கத்தான் போனான்.

கஹவத்தை டவுனுக்கு மேலே மலையில் இருக்கும் நெல்லிவத்தைத் தேயிலைத் தோட்டத்தில் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆபீஸ் ஜன்னலைத் திறந்து தொழிலாளர் குறை கேட்பார்கள். மூன்று வருடமாக அந்த ஜன்னலில் அவன் சொல்லிவந்தது ஒரே குறைதான். மூன்றாம் நம்பர் லயம் என்ற நீண்ட வரிசை வீட்டில் அவன் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பிராவின் கூரையில் இரண்டு தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மழை பெய்தால் கட்டில் மேல் ஒழுகுகிறது. அந்தப் பக்கத்தில் மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் புதன்கிழமை அவன் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டான்.

"பதினெட்டாந்தேதி மகளுக்கு ஏழு வயசு ஆகுதுங்க சார். கூடப் படிக்கிற புள்ளைக நாலு பேரு வீட்டுக்கு வருதுக. அதுக்குள்ள ரெண்டு தகரம் கெடைச்சா நல்லதுங்க."

நலன்புரி உத்தியோகத்தர் விஜேந்திரன் தலையை நிமிர்த்தினார்.

"வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்களா?"

"சின்னப் புள்ளைகதான் சார்."

"உள்ள வாங்க, சுதாகரன்."

மூன்று வருடத்தில் அவனை உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உட்கார நாற்காலி கொடுத்தார்கள். இரண்டு தகரம் கிடைத்தே விட்டது என்று சுதாகரன் நினைத்தான்.

விஜேந்திரன் விளக்கினார். தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டில் சந்தோஷமாக இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்காகக் கொழும்பு தலைமைக் காரியாலயம் 'இல்ல விருந்தோம்பல் மற்றும் குடும்பக் களிப்பு மேம்பாட்டுத் திட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறது. குடும்பங்கள் வீட்டில் விருந்து வைத்து, விளையாட்டு நடத்தி, சிரிக்க வேண்டும். சிரித்ததைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நான்கு மாதமாக ஒரு குடும்பமும் அகப்படவில்லை.

"தகரம் வீடமைப்புப் பிரிவு. அவங்ககிட்ட ஒண்ணுமில்ல" என்றார். "களிப்பு என்னோட பிரிவு. எங்கிட்ட இருக்கு. இந்த மாசத்துக்குள்ள செலவழிக்கலேன்னா கொழும்புக்குத் திரும்பிப் போயிரும்."

"அப்ப களிப்புல இருந்து ரெண்டு தகரம் எடுத்தா என்னங்க சார்?"

"தகரத்தைப் பார்த்து யாராவது சிரிப்பாங்களா?" என்று விஜேந்திரன் பொறுமையாகக் கேட்டார்.

பிறகு ஆறு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பினார்கள். வீட்டில் விருந்தினர் கூடம் உண்டா? இல்லை. தோட்டம் உண்டா? சுதாகரன் ஜன்னலுக்கு வெளியே மலை மலையாகத் தெரிந்த தேயிலையைப் பார்த்தான். விஜேந்திரன் 'உண்டு' என்று எழுதிக்கொண்டார். குடும்பம் கடைசியாக ஒன்றுகூடி மகிழ்ந்தது எப்போது? இந்தக் கேள்விக்குச் சுதாகரனுக்கு நேரம் எடுத்தது.

"போன வெசாக் பண்டிகைக்குக் கஹவத்தையில லைட்டுப் பந்தல் பாக்கப் போனோம் சார். போற வழியில பஸ் நின்னுபோச்சு. நடந்து திரும்பி வந்தோம். புள்ள வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்துச்சு."

'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டார். சுதாகரன் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி கிருஷ்ணகுமாரி கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தகரம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன குடுத்தாங்க?"

"புத்தகம்."

வழவழப்பான தாளில் அச்சடித்த கைந்நூல் அது. 'வீட்டில் விருந்து: குடும்பங்களுக்கு நூறு யோசனைகள்' என்று அட்டையில் இருந்தது. கிருஷ்ணகுமாரி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அடுப்பில் சோறு கொதிக்கும்போது அவள்தான் வாசித்துக் காட்டினாள். விருந்தினரின் வாகனங்களை நிறுத்த வசதியான இடத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு ஓர் அறையும் பெரியவர்களுக்கு ஓர் அறையும் தனித்தனியே தயார் செய்யுங்கள். மழை வந்தால் கவலை வேண்டாம், வீட்டின் மேல்மாடியில் ஒளிந்து விளையாடலாம்.

மகள் கேஷானி ஒளிந்து விளையாடுவதை மட்டும் பிடித்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பத்து வரை எண்ணச் சொல்லி அப்பாவைக் கெஞ்சினாள். அவன் எண்ணித் திரும்பிக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அவள் அங்கே இருந்தாள். அந்த வீட்டில் ஒளிவதற்கு வேறு இடம் இல்லை. ஏழு தடவை விளையாடினார்கள். ஏழு தடவையும் கட்டிலுக்கு அடியில் இருந்து அவள் அதே சிரிப்புச் சிரித்தாள். அதைப் படம் எடுக்க அங்கே யாரும் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைக்காம்பிராவில் பயிற்சி நடந்தது. கைக்குழந்தைகளின் தொட்டில்களை வெளியே தூக்கி வைத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து திட்டத்தின் பொறுப்பாளர் ஷாமிளா மேடம் வந்திருந்தார். அவர் நல்ல மனுஷி. வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். பிறகு பேசினார்.

"உங்க மக்களுக்குச் சந்தோஷமா இருக்கத் தெரியல. அது உங்க குத்தமில்ல, யாரும் சொல்லிக் குடுக்கல. நான் போன வருஷம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். ஒரு வீட்டுல எல்லாரும் சும்மா உக்காந்து பேசிக்கிட்டிருந்தாங்க. ஒரு விளையாட்டு இல்ல, ஒரு அலங்காரம் இல்ல. வெறும் பேச்சு. நடுநடுவுல சிரிப்பு வேற. எனக்கு அழுகையே வந்துருச்சு. அன்னிக்கு ராத்திரி ஹோட்டல்ல சாப்பிடவே முடியல. அப்பதான் இந்தத் திட்டத்தை எழுதினேன்."

முதல் பாடம் விருந்தாளியை வரவேற்பது. விருந்தாளியாக நடிக்கப் பக்கத்துக் காம்பிரா புஷ்பத்தை எழுப்பினார்கள். புஷ்பம் பதினைந்து வருடமாக ஒரு நாளைக்கு நாலு தடவை கிருஷ்ணகுமாரியின் வீட்டுக்குள் வந்து போகிறவள். உப்பு வேண்டும் என்றால் அவளே எடுத்துக்கொள்வாள். இப்போது அவள் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிருஷ்ணகுமாரி திறந்து, கையை விரித்து, "எங்கள் இல்லத்திற்கு வந்தது எங்களுக்குப் பெருமை" என்று சொல்ல வேண்டும்.

புஷ்பம் தட்டினாள். கிருஷ்ணகுமாரி திறந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சொல்லுடி" என்றாள் புஷ்பம்.

"எங்கள் இல்லத்திற்கு..." என்று ஆரம்பித்த கிருஷ்ணகுமாரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றார் ஷாமிளா மேடம். "சிரிப்பு நாலாவது பாடம்."

பதினாறாம் தேதி விஜேந்திரன் அளவு நாடாவோடு காம்பிராவைப் பார்க்க வந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. பாதுகாப்பு விதிப்படி அந்த அளவில் எட்டுப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார். கட்டில், அலுமாரி, அடுப்பு எல்லாம் புஷ்பத்தின் வீட்டுக்குப் போக வேண்டும். சாமி விளக்கு தீ அபாயம், அதுவும் போக வேண்டும். கேக்கில் மெழுகுவர்த்தி கூடாது, 'ஏழு' வடிவத்தில் பேட்டரி விளக்கு ஒன்று கொழும்பிலிருந்து வருகிறது.

பிறகு விரல்விட்டு எண்ணினார். "தோட்டத்து மேனேஜர் தொர ஒண்ணு. மேடம் ரெண்டு. நான் மூணு. படம் எடுக்கிறவரும் வீடியோக்காரரும் அஞ்சு. நீங்க மூணு பேரு. எட்டு. சரியா இருக்கு."

"புள்ளைக நாலு பேரு சார்" என்றான் சுதாகரன்.

"எந்தப் புள்ளைக?"

"பொறந்தநாளுக்கு வர்ற புள்ளைக."

விஜேந்திரன் மறுபடி ஒரு தடவை எண்ணினார். எட்டுதான் வந்தது. "எடமில்லையே" என்றார். அவருக்கும் அது வருத்தமாகத்தான் இருந்தது.

"விருந்தாளி இல்லாம எப்படிங்க விருந்து?"

"விருந்தாளியாத்தான் நாங்க வர்றோமே."

கேஷானி கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று பேரை அவள் சீக்கிரமே விட்டுக்கொடுத்துவிட்டாள். நூரியாவை மட்டும் விட முடியவில்லை. கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் றம்ஸானின் மகள் நூரியா. வகுப்பில் கேஷானிக்குப் பக்கத்தில் உட்காருபவள். "நூரியா மட்டும்பா" என்று இரண்டு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். வர வேண்டாம் என்று றம்ஸானுக்குப் போன் எடுக்கச் சுதாகரனுக்கு மனம் வரவில்லை. போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தான்.

பதினெட்டாம் தேதி மழை மூன்று மணிக்கே பிடித்துக்கொண்டது. துரையின் ஜீப்பும் கொழும்பு வேனும் நாலரைக்கு வந்தன. நல்லவேளையாகக் கட்டில் நனையவில்லை, அது புஷ்பத்தின் வீட்டில் இருந்தது. கூரையின் இரண்டு ஓட்டைகளும் படத்தில் விழும் என்று ஷாமிளா மேடம் அந்த இடத்தில் பலூன்களைக் கொத்தாகக் கட்டச் சொன்னார். மழைத்தண்ணீர் பலூன் மேல் சொட்டியது. டொப், டொப் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தது. துரை சிங்களத்தில் ஏதோ சொன்னார். பின்னணி இசை நல்லா இருக்கு என்று தொர பாராட்டுகிறார் என விஜேந்திரன் தமிழில் சொன்னார்.

விருந்து ஆரம்பமானபோதுதான் றம்ஸான் குடை பிடித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நூரியா மினுக்குச் சட்டை போட்டிருந்தாள். வண்ணத்தாள் சுற்றிய பரிசுப் பொட்டலம் ஒன்றை நனையாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே ரோஸ் சட்டையில் உட்கார்ந்திருந்த கேஷானி பார்த்துவிட்டு எழுந்தாள். விஜேந்திரன் அவளை மறுபடி உட்கார வைத்தார்.

சுதாகரன் அவரிடம் குனிந்து மெதுவாகக் கேட்டான். "ஒரு புள்ளதான் சார். சின்னது."

"எட்டுன்னா எட்டு, சுதாகரன். ஒருத்தர் வெளிய போனா ஒருத்தரை எடுக்கலாம். அதுதான் விதி."

"அப்ப நான் போறேன் சார்."

விஜேந்திரன் யோசித்துப் பார்த்தார். விதியில் அதற்குத் தடையில்லை. சுதாகரன் செருப்பைப் போட்டுக்கொண்டு தன் வீட்டை விட்டு வெளியே வந்தான். நூரியாவின் தலையைத் துடைத்துவிட்டு, "போ கண்ணு" என்றான். அதற்குள் ஜீப் டிரைவர் கேக் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழைக்குப் பயந்து வீட்டுக்குள் ஓடிவிட்டார். கேக்கை வைத்தவர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். விஜேந்திரன் எண்ணினார். எட்டு. வாசலில் வந்து நின்று நூரியாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பரவாயில்ல தம்பி" என்றார் றம்ஸான். "நாங்க இங்கின நின்னுக்குவோம். சத்தம் கேக்குதுதானே."

சுதாகரனும் றம்ஸானும் நூரியாவும் புஷ்பத்தின் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணகுமாரியும் வந்து சேர்ந்தாள். அடுப்பு இந்தப் பக்கம் இருப்பதால் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி இங்கேதான் ஊற்ற வேண்டும் என்று அனுப்பிவிட்டார்களாம். தட்டோடு திரும்பிப் போக வேண்டியவள் என்பதால் எண்ணிக்கையில் அவள் இடம் அப்படியே இருந்ததாம். சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள். புகையில் கண்ணைத் துடைத்தாள். புகை நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் துரை பேசுவதும் விஜேந்திரன் தமிழில் சொல்வதும் தெளிவாகக் கேட்டன.

"பல தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். ஆனா இன்னிக்குத்தான் ஒரு தொழிலாளி வீட்டுக்குள்ள மொதல் தடவையா வந்திருக்கிறேன். இருபத்தியாறு வருஷ சேவை. வெளிய இருந்து பாத்தா உள்ள இவ்வளவு எடம் இருக்கும்னு நெனைக்கல. கட்டில் இல்ல, அலுமாரி இல்ல. இந்த மக்கள் எவ்வளவு எளிமையா வாழுறாங்க. அப்பா, அம்மா, பிள்ளை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ ஒண்ணா இருக்கிறதைப் பாக்கிறப்ப எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு."

கை தட்டினார்கள். பிறகு பாட்டுப் பாடினார்கள். கேஷானி விளக்கை ஊதினாளாம். அது பேட்டரி விளக்கு என்பதால் அணையவில்லை. நாலு தடவை ஊதிப் பார்த்தாளாம். கடைசியில் வீடியோக்காரர் பின்னாலிருந்து சுவிட்சை அமத்தினாராம். இதெல்லாம் தேத்தண்ணித் தட்டோடு போய் வந்த கிருஷ்ணகுமாரி சொன்னது.

இரண்டு கிழமை கழித்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. 'முதல் தர மகிழ்ச்சிக் குடும்பம்' என்று பொன் எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் புதன்கிழமையே சுதாகரன் மறுபடி ஜன்னலுக்குப் போனான். விஜேந்திரன் கணினியில் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"ஒரு சிக்கல் இருக்கு. வீடமைப்புப் பிரிவுக்கு இந்த வருஷம் தகரம் வந்திருக்கு. ஆனா கஷ்டப்படுற குடும்பத்துக்குத்தான் மொதல்ல. மூணாந்தரம். நீங்க மொத தரம்."

"அப்ப எங்களை மூணாந்தரமாக்கி விடுங்க சார்."

"அது லேசில்ல. தொடர்ந்து மூணு மாசம் சந்தோஷமில்லாம இருந்ததா காட்டணும். அதுக்குக் களிப்புப் பிரிவு சிபாரிசு பண்ணணும்."

"களிப்புப் பிரிவு நீங்கதானே சார்?"

"நானேதான். நான் எப்படி எழுதுவேன் சொல்லுங்க. நான் நடத்துற திட்டத்துல இருக்கிறதே நீங்க ஒரு குடும்பம். நீங்க கவலையா இருந்தா திட்டமே தோத்துப்போயிருமே."

அவர் உண்மையாகவே கெஞ்சினார். சுதாகரனுக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஓட்டைக்குக் கீழே வாளியை நகர்த்தி வைத்தான்.

பிறகு வருகைகள் ஆரம்பமாயின. முதலில் பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டங்களின் உத்தியோகத்தர்கள் பார்த்துப் படிக்க வந்தார்கள். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பணிப்பாளர்கள். அதற்கடுத்து கேகாலையில் அரநாயக்கப் பக்கத்திலிருந்து ஒரு வேன். ஒவ்வொரு தடவையும் கட்டில் புஷ்பத்தின் வீட்டுக்குப் போகும். பலூன் வரும். வருகிறவர்கள் பிறந்தநாளைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பதால் பிறந்தநாள் நடக்கும். கோப்பில் இருக்கிற படமும் நேரில் நடக்கிறதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஷாமிளா மேடம் எழுதியிருந்தார். அதனால் அதே ரோஸ் சட்டை. அதே விளக்கு. கேஷானிக்கு ஏழு வயது.

முதல் இரண்டு தடவை கேக்குக்காக அவளுக்கு அது பிடித்திருந்தது. மூன்றாவது தடவை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். "ஒனக்கு மாசாமாசம் ஏழு வயசு ஆகுதா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து இனிமேல் அந்தச் சட்டையைப் போடமாட்டேன் என்று அழுதாள். கிருஷ்ணகுமாரி சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் அகலமாக்கினாள். பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது.

"மாட்டேன்னு சொல்லிருங்களேன்" என்றாள் கணவனிடம்.

"எப்படிச் சொல்றது? நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"எதுக்குப் போட்டீங்க?"

சுதாகரன் வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வந்தான். "நாற்காலி குடுத்தாங்க" என்றான்.

அப்படியே ஒரு வருடம் போய் மறுபடி பதினெட்டாம் தேதி வந்தது. இந்தத் தடவை இருவரும் முன்னதாகவே பேசி வைத்திருந்தார்கள். யாருக்கும் சொல்லவில்லை, புஷ்பத்துக்குக்கூட. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழே முக்கால் பஸ்ஸில் மூன்று பேரும் பெல்மதுளைக்குப் போவது. பிள்ளைக்கு ஒரு புதுச் சட்டை எடுப்பது. கடையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவது. மாலையில் திரும்பி வருவது. விருந்து இல்லை, பலூன் இல்லை, எட்டு வயது மட்டும்.

கேஷானி விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். ரோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகிற வழியெல்லாம் "எட்டு, எட்டு" என்று தாளம் போட்டுக்கொண்டு முன்னால் குதித்துப் போனாள். பின்னால் நடந்த கிருஷ்ணகுமாரி கணவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது என்று சுதாகரனுக்கு அப்போதுதான் தோன்றியது.

வளைவில் பஸ்ஸின் தலை தெரிந்தது. அதற்கு முன்னால் தோட்டத்து ஜீப் வந்து நின்றது.

விஜேந்திரன் இறங்கினார். அவருக்கு மூச்சு வாங்கியது. "நல்ல நேரம் புடிச்சேன். போன் எடுத்தா எடுக்கலியே நீங்க? வெளிநாட்டு ஆள் ரெண்டு பேரு, ரத்தினபுரியில வந்து தங்கியிருக்காங்க. மாணிக்கக்கல் பாக்க வந்தவங்க, போற வழியில தோட்டத்தையும் பாக்கணும்னாங்களாம். ஒம்போது மணிக்கு வீட்டுல இருக்கணும்."

"இன்னிக்கு மகளுக்கு மெய்யாவே பொறந்தநாளுங்க சார்" என்றாள் கிருஷ்ணகுமாரி.

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு."

பஸ் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போனது. யாரும் கை காட்டவில்லை என்பதால் நிற்கவில்லை. மூன்று பேரும் ஜீப்பில் ஏறினார்கள்.

ஒன்பதரைக்கு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும் ஆண் ஒருவரும் காம்பிராவுக்குள் குனிந்து வந்தார்கள். அந்தப் பெண் உட்கார நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே கேஷானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு உண்மையாகவே பிள்ளைகள் மேல் ஆசை. கேஷானியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். விஜேந்திரன் தமிழில் சொன்னார்.

"ஒனக்கு எத்தனை வயசுன்னு கேக்கிறாங்க."

சுதாகரன் மகளைப் பார்த்தான். என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எட்டு என்று சொல்லட்டும் என்று அவன் மனதுக்குள் கேட்டுக்கொண்டான். சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்றும் அவனுக்குப் பயமாக இருந்தது.

கேஷானி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். நாலாவது பாடத்தில் சொன்ன மாதிரி, பல் தெரியும் சிரிப்பு.

"ஏழு" என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். சுதாகரனும் தட்டினான்.